கைத்தறித் துணியைப் பார்த்து வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை) இருந்துகொண்டு, கைத்தறித் துணிகளின் கரை, கட்டம், புட்டா (துணி உடலில் அங்கங்கே வரும் சின்ன உருவம்) எல்லாவற்றையும் இழை இழையாக நீர்வண்ணத்திலும், அடியில் இருப்பதை மறைக்கிற அடர்ந்த நீர்வண்ணமான குவாஷிலும் வரைகிறேன். கிழக்கே பொள்ளாச்சியைத் தாண்டினால் நெகமம், மேற்கே திருவில்வாமலைப் பக்கம் குத்தாம்புள்ளி, இரண்டுமே தறிச் சத்தம் கேட்கிற ஊர்கள். படங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைத்தால் எனக்கும் வசதி, உங்களுக்கும் வசதி.

ஒரு போட்டோ எடுத்தால் முடிகிற விஷயத்துக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்?

போட்டோவும் எடுங்கள், நானும் எடுக்கிறேன். ஆனால் போட்டோ எடுக்கிறவருக்கு அந்தத் துணியைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரைகிறவர் ஒவ்வொரு இடத்திலும் இந்த இழை மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா, இந்த நிறம் பாவிலிருந்து (நீளவாக்கு இழை) வருகிறதா ஊடையிலிருந்து (குறுக்கு இழை) வருகிறதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. அப்புறம், நெருக்கமான கட்டத்தையும் கோட்டையும் கேமரா சரியாக எடுக்காது. துணியிலேயே இல்லாத அலை அலையான வரிகள் படத்தில் வந்து நிற்கும். ஜரிகை ஒன்று வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டுத் தறிகளுக்கு அன்னா மரியா கார்த்வெய்ட் என்ற பெண்மணி நீர்வண்ணத்தில் போட்டுக் கொடுத்த வடிவங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டில் 1956இல் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கியபோது ஓவியர்களைத்தான் கூட்டி வந்து தறிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஓவியர் ஆதிமூலம் அங்கே வேலை பார்த்தவர். இன்னோர் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துணை இயக்குநராக இருந்தார். ஆக இது ஓவியத்தில் சேர்த்தியா நெசவில் சேர்த்தியா என்று யாராவது கேட்டால், இரண்டிலும்தான்.

எந்தத் துணியில் தொடங்குவது?

காஞ்சிபுரம் பட்டில் தொடங்காதீர்கள். எல்லாருக்கும் ஆசை அங்கேதான் போகிறது, மூன்றாம் நாள் தூரிகையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். கட்டம் போட்ட பருத்தித் துண்டு, லுங்கி, வீட்டில் கிடக்கிற பழைய நெகமம் சேலை, இதில் ஏதாவது ஒன்றை எடுங்கள். சாதா நெசவு, அதாவது ஒன்று மேலே ஒன்று கீழே, அவ்வளவுதான். ஆனால் சும்மா நினைக்காதீர்கள், கட்டத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

பாவிலும் ஊடையிலும் அதே மூன்று நிறங்கள், சிவப்பு, வெள்ளை, பச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பாவைச் சிவப்பு ஊடை கடக்கிற இடத்தில் மட்டும்தான் முழுச் சிவப்பு. வெள்ளைக்கும் பச்சைக்கும் அப்படித்தான். மற்ற இடமெல்லாம் கலப்பு: சிவப்பும் வெள்ளையும், சிவப்பும் பச்சையும், வெள்ளையும் பச்சையும். முழு நிறம் 3, கலப்பு 3, மொத்தம் 6. நான்கு நிற நூல் என்றால் 4 முழு நிறமும் 6 கலப்புமாக 10. மூன்று நிற நூல் வாங்கி ஆறு நிறத் துணி நெய்கிற இந்தச் சாமர்த்தியத்தை வரைந்து பார்க்கும்வரை நான் கவனித்ததே இல்லை.

இதில் முக்கியமான விஷயம், கலப்பு இடத்துக்குத் தட்டில் இரண்டு நிறத்தையும் குழைத்துத் தடவிவிடக் கூடாது. சிவப்பும் பச்சையும் தட்டில் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். துணியில் அவை கலப்பதே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக நிற்கின்றன, தூரத்திலிருந்து பார்க்கிற நம் கண்தான் கலக்கிறது. அதனால் படத்திலும் புள்ளி புள்ளியாகத்தான் வைக்க வேண்டும்.

இழைகளை எப்படி எண்ணுவது? கண் வலிக்காதா?

வலிக்கும். அதனால்தான் பிக் கிளாஸ். மடக்கி விரிக்கிற சின்ன பூதக்கண்ணாடி, அடியில் சதுரமாக ஓர் ஓட்டை, ஓரத்தில் அளவுக் கோடு. துணி வியாபாரிகளும் மில்லுக்காரர்களும் பையில் வைத்திருப்பார்கள். ஓர் அங்குல ஓட்டை உள்ளது வாங்குங்கள். அதைத் துணிமேல் நிறுத்தி, ஊசி முனையால் ஒவ்வோர் இழையாகத் தள்ளிக்கொண்டே எண்ண வேண்டும். ரொம்ப மெல்லிய துணி என்றால் அரை அங்குலம் எண்ணி இரட்டித்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் எண்ணி நம்பிவிடாமல் மூன்று நான்கு இடத்தில் எண்ணுங்கள். கைத்தறியில் ஊடை நெருக்கம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், காலையில் அடிக்கிற கை வேறு, மாலையில் அடிக்கிற கை வேறு.

பாவு எது, ஊடை எது என்ற குழப்பம் வந்தால் துணியின் ஓரத்தைப் பாருங்கள். நீளவாக்கில் ஓரத்தோடு ஓடுவது பாவு. ஓரத்துக்குப் போய் மடங்கித் திரும்புவது ஊடை.

நெசவாளரைக் கேட்க வாய்ப்பிருந்தால் பாதி வேலை மிச்சம். "அக்கா, இது எத்தனாம் நம்பர் அச்சு?" என்று கேளுங்கள். அச்சு என்பது பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற, ஊடையை அடித்து நெருக்குகிற சீப்பு மாதிரியான சட்டம். நம் பக்கத்துக் கணக்குப்படி 2 அங்குலத்தில் எத்தனை பல் இருக்கிறதோ அதுதான் அச்சு நம்பர். வழக்கமாகப் பல்லுக்கு இரண்டு இழை கோப்பதால், 72ஆம் நம்பர் அச்சு என்றால் அங்குலத்துக்கு 72 பாவு இழை என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தறியிலிருந்து இறக்கியதும் துணி கொஞ்சம் சுருங்குவதால் கையில் எண்ணும்போது ஒன்றிரண்டு கூடத்தான் வரும். நான் வரைவதற்குக் கையில் எண்ணியதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் முன்னால் இருப்பது துணி, தறி இல்லை.

பல்லுக்கு இரண்டு இழை என்பதால் இன்னொரு லாபமும் இருக்கிறது. கோடுகளின் இழைக் கணக்கு பெரும்பாலும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். உங்கள் எண்ணிக்கை 7 என்றோ 13 என்றோ வந்தால் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

எண்ணி முடித்ததும் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்வேன்: ஓரத்திலிருந்து அரக்கு 24, மஞ்சள் 4, அரக்கு 8, மஞ்சள் 4, பிறகு உடல் நிறம், இப்படி. பாவு ஓட்டுகிறவர்கள் வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் துணியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் வரைய முடியும்.

கிராஃப் தாளில் போட்டுவிட்டால் போதாதா?

சதுரக் கட்டத் தாளில் போட்டால் மாங்காய்ப் புட்டா நசுங்கும். காரணம் சுலபம்: பாவும் ஊடையும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருப்பது அபூர்வம். பாவு 72, ஊடை 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 பாவு, 36 ஊடை உள்ள ஒரு புட்டா சதுரத் தாளில் சதுரமாக நிற்கும். துணியில் அது அரை அங்குல அகலம், 0.6 அங்குல உயரம். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் 5 பங்கு அகலம், 6 பங்கு உயரம் என்று நாமே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஜக்கார்டுக்கு (உருவம் விழுவதற்காகப் பாவு இழைகளைத் தேர்ந்து தூக்குகிற, தறிமேல் இருக்கிற பெட்டி) வடிவம் போடுகிறவர்கள் இதற்கென்றே வேறு வேறு விகிதத்தில் அச்சடித்த தாள் வைத்திருப்பார்கள். கிடைத்தால் வாங்கி வையுங்கள், கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம்.

துணியின் நிஜ அளவிலேயே வரைய முடியாதா?

அங்குலத்துக்கு 72 இழை என்றால் ஓர் இழைக்கு 0.35 மில்லிமீட்டர். தலைகீழாக நின்றாலும் தூரிகையில் வராது. நாலு மடங்கு பெரிதாக்கினால் இழைக்கு 1.4 மில்லிமீட்டர், அது முடியும். நான் ஒரே தாளில் மூன்று விதமாகப் போடுவேன்: முழுச் சேலையும் எப்படி விழுகிறது என்று உள்ளங்கை அளவில் ஒன்று, கரையும் புட்டாவும் நிஜ அளவில் ஒன்று (இதில் இழை கிடையாது, நிறமும் உருவமும் மட்டும்), அப்புறம் ஓர் அங்குலச் சதுரம் நாலு மடங்கில், இழை இழையாக. முழுப் பக்கத்தையும் இழையாக நிரப்புகிற வீரம் வேண்டாம், பார்க்கிறவருக்கும் அலுத்துப்போகும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

நல்ல தாள் ஒன்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு), வழவழப்பான பரப்பு, பருத்தித் தாளாக இருந்தால் உத்தமம். சொரசொரப்பான தாளில் தாளின் மேடுபள்ளமே ஒரு நெசவு மாதிரித் தெரிந்து உங்கள் நெசவைக் கெடுக்கும். தூரிகை 0, 00 இரண்டு போதும், முனை கூராக நிற்க வேண்டும், விலை அப்புறம். நேர்கோட்டுக்கு ரூலிங் பேனா: பழைய என்ஜினீயரிங் டிராயிங் பெட்டிகளில் இருக்கும், குவாஷைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து அதில் ஊற்றினால் பாவுக்கோடு சீராக வரும். ஊடையைத் தூரிகையால்தான் போடுவேன், அளவுகோல் வைத்துப் போட்டால் துணிக்கு உயிர் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலரில் பழகலாம், வைத்துப் பாதுகாக்கிற படத்துக்கு வேண்டாம்.

நிறம் ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் விளக்கை அணையுங்கள். எல்ஈடி வெளிச்சத்தில் அச்சு அசலாகப் பொருந்திய அரக்கு, காலையில் முற்றத்துக்குக் கொண்டு போனால் வேறு ஊர் நிறமாக நிற்கும். சாயமும் வண்ணமும் வேறு வேறு பொருள், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போனால் எல்லா வெளிச்சத்திலும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வெயில் நேராக விழாத, வடக்குப் பார்த்த ஜன்னல்தான் நல்லது.

அடுத்தது, குவாஷ் ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் வேறு. வெளிர் நிறங்கள் காயும்போது சற்றுக் கருக்கும், அடர் நிறங்கள் சற்று வெளுக்கும். அதனால் தட்டில் பார்த்து முடிவு பண்ணாமல், அதே தாளின் ஒரு துண்டில் தடவிக் காயவைத்து, அதைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நொடியில் காயும். ஆனி, ஆடி மழையில் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் ஈரமாகவே இருக்கும், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

நிறத்துக்குப் பேர் எழுதும்போது டியூபில் அச்சடித்த பேரை மட்டும் எழுதாமல் கடையிலும் தறியிலும் சொல்கிற பேரையும் எழுதி வையுங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்திரிப்பூ, எம்.எஸ். ப்ளூ. "மெரூன்" என்று எழுதி வைத்தால் அது அரக்கா, பாக்கு நிறமா, மிளகாய்ப் பழமா என்று பிறகு யாருக்கும் புரியாது.

மயில்கழுத்து மாதிரி திருப்பினால் நிறம் மாறுகிற பட்டுத் துணியை எப்படி வரைவது?

அது ஒரு நிறமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், நீலமும் பச்சையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சம கனத்தில் சாதா நெசவில் இருந்தால் பாதி இது, பாதி அது தெரியும். பட்டு இழை பளபளக்கும், ஆனால் பாவு ஒரு திசையில் கிடக்கிறது, ஊடை அதற்குக் குறுக்கே கிடக்கிறது, அதனால் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழும்போது ஒன்று ஒளிரும், இன்னொன்று அடங்கும். திருப்பினால் தலைகீழ். ஒரே சதுரத்தை இரண்டு கோணத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைவதுதான் நான் கண்ட வழி: ஒன்றில் நீலப் புள்ளிகளை ஒரு படி வெளிச்சமாக, மற்றதில் பச்சைப் புள்ளிகளை. நடுத்தரமாக ஒரே நிறம் குழைத்துத் தடவினால் அது பெயின்ட் அடித்த தகரம்.

மடிப்போடு வரைந்தால் இன்னும் அழகு, ஏனென்றால் மடிப்பின் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக நிற்கும். ஆனால் அது அடுத்த கட்டம், முதலில் சமமாக விரித்து வைத்து வரையுங்கள், துணி நகராமல் நாலு மூலையிலும் குண்டூசி குத்திவிட்டு.

ஜரிகைக்குத் தங்க பெயின்ட் பூசலாமா?

வேண்டாம். மலிவான தங்க பெயின்டில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி, காலம் போகப்போகக் கறுக்கும், பச்சை கட்டும். மைக்கா கலந்தது கறுக்காது, ஆனால் ஸ்கேன் எடுத்தால் சாம்பலாக வரும்.

ஜரிகையை உற்றுப் பார்த்தால் அதில் தங்க நிறம் கொஞ்சம்தான். ஒரிஜினல் ஜரிகை என்பது பட்டு இழையைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுருட்டி, மேலே தங்க முலாம் போட்டது. சுருளின் நடு இடுக்கில் உள்ளே இருக்கிற பட்டு இழை தெரியும். அதனால் ஒரே ஜரிகைக் கோட்டில் அடர் பழுப்பு, காவி மஞ்சள், வெளிறிய எலுமிச்சை, அங்கங்கே தாளின் வெள்ளை, நாலும் இருக்கும். அடியில் காவி மஞ்சளை இழுத்துவிட்டு, காய்ந்ததும் பழுப்பில் சின்னச் சின்னச் சாய்கோடு, கடைசியில் எலுமிச்சையும் வெள்ளையும் புள்ளியாக. வெள்ளைப் புள்ளியை வரிசையாக வைக்காதீர்கள், ஜரிகை வரிசையாக மின்னாது.

கேரளத்துச் செட்டு முண்டு முழுக்க வெள்ளைதானே, அதில் வரைய என்ன இருக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் அது வெள்ளை இல்லை. வெளுக்காத பருத்தி நூலின் இயல்பான நிறம், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பழுப்பு. பளிச்சென்ற தாளில் வைத்துப் பார்த்தால் பால்கோவா நிறத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நான் முழுத் தாளுக்கும் மிக நீர்த்த காவி மஞ்சளும் துளி பழுப்பும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, ஒரு மூலையில் மட்டும் தாளை வெறுமையாக விட்டுவிடுவேன். அந்த வெறும் மூலை பக்கத்தில் இருந்தால்தான் துணியின் நிறம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, நூலின் நம்பர். பருத்தி நூலில் 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர், அதாவது நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. நல்ல முண்டில் 100ஆம் நம்பர் நூலெல்லாம் ஓடும். அந்த மெல்லிசில் அடியில் வைத்த தாள் ஊடுருவித் தெரியும், அதையும் வரைய வேண்டும், கறுப்புத் தாளை அடியில் வைத்து ஒரு முறை, வெள்ளைத் தாளை வைத்து ஒரு முறை.

கரை விஷயத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பாலராமபுரத்துப் புளியிலக்கரை என்று ஒன்று, மிக ஒடுக்கமான கரை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் நெசவாளர் என்னவெல்லாம் செய்கிறார் என்று பிக் கிளாஸ் வைத்துப் பார்த்தால்தான் புரியும். அந்த ஊருக்கு நெசவு போனதே நம் பக்கமிருந்துதான்: 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களைக் குடியேற்றினார்கள், ஊரின் பெயரும் அந்த ராஜா பெயர்தான். குத்தாம்புள்ளிக்காரர்கள் தேவாங்கர், மைசூர்ப் பக்கத்திலிருந்து கொச்சி ராஜா வரவழைத்தவர்கள் என்று சொல்வார்கள், வீட்டில் இன்றும் கன்னடம் கலந்த பேச்சு. மலையாளத்துச் சேலை என்று நாம் சொல்கிறதை நெய்கிறவர்களின் பூர்வீகம் இப்படி நாலா பக்கமும் போகிறது.

கரையின் நிறம் சேலை உடலின் நிறத்தோடு சேர்ந்து மங்கித் தெரிகிறது. என் கண் கோளாறா?

இல்லை, அது தறியின் சங்கதி, சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சாதாரணமாக ஒரே நாடா, அதாவது ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற கட்டை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும். அதனால் உடலின் ஊடை நிறம் கரைக்குள்ளும் நுழைந்துவிடும். பச்சை உடல், சிவப்புக் கரை என்றால் கரையில் சிவப்புப் பாவும் பச்சை ஊடையும். சுத்தச் சிவப்பாக இருக்கவே முடியாது.

சுத்தமாக வேண்டும் என்றால் கோர்வை போட வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடா. உடலும் கரையும் சேர்கிற இடத்தில் ஒவ்வொரு ஊடையையும் ஒன்றோடொன்று பின்னிவிட வேண்டும், பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். காஞ்சிபுரத்துப் பெயரே இதில்தான் நிற்கிறது. அந்த இணைப்பை வரையும்போது நேர்கோடாக இழுத்துவிடாதீர்கள். பல் பல்லாக, ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் ஓர் இழை நுழைந்து திரும்பும். எந்தச் சேலையை எடுத்தாலும் முதல் வேலையாகக் கரைக்குள் உடல் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தட்டில் எந்த நிறங்கள் இருக்க வேண்டும் என்பதே அதிலிருந்துதான் தெரியும்.

மயில், மாங்காய், அன்னம் எல்லாம் அழகாக வளைகிறது, நான் போட்டால் துணி மாதிரி இல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கிறதே?

வளைவாகப் போடுவதால்தான். தறியில் வளைவு கிடையாது, எல்லாம் படிக்கட்டு. ஒரு பாவு தாண்டி, ஓர் ஊடை ஏறி, மறுபடி தாண்டி, அப்படியே மயிலின் கழுத்து ஆகிறது. ஜக்கார்டில் பாவைத் தூக்குகிற ஒரு கொக்கிக்கு இரண்டு இழை கட்டியிருந்தால் படியின் அகலமே இரண்டு இழை, அதைவிடச் சின்னதாக எதுவும் நகர முடியாது. பென்சிலில் வளைவைப் போட்டுக்கொள்ளுங்கள், வண்ணம் வைக்கும்போது கட்டத்தை ஒட்டியே வையுங்கள்.

எத்தனை கொக்கி என்று தெரிந்தால் இன்னும் நல்லது. 240 கொக்கிப் பெட்டி, கொக்கிக்கு ஓர் இழை, அங்குலத்துக்கு 60 பாவு என்றால் 4 அங்குலத்துக்கு மேல் அகலமான உருவம் வராது, அதற்குள் முடித்துத் திரும்பத் தொடங்க வேண்டும். சில அன்னங்கள் ஏன் கழுத்தை மடக்கிக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன என்றால், இடமில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், புட்டாவின் நூல் துணியின் நூல் இல்லை. அடித்துணியின் ஊடை தன் பாட்டுக்கு ஓடும், அதன் இடையில் கூடுதலாக ஒரு நூல் விட்டுத்தான் புட்டா போடுவார்கள். அதனால் புட்டாவுக்குள்ளும் அடித்துணியின் நிறம் வரி வரியாக எட்டிப் பார்க்கும். துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்: புட்டாவுக்குப் புட்டா நூல் மிதந்து போயிருந்தால் அல்லது மிதந்ததை வெட்டியிருந்தால் அது முழு அகலமும் ஓடிய நூல். ஓரத்தில் மடங்கித் திரும்பியிருந்தால் ஒவ்வொரு புட்டாவுக்கும் தனித்தனியாகக் கையால் விட்டது, வெங்கடகிரி ஜம்தானி மாதிரி. பின்பக்கத்தையும் ஒரு மூலையில் வரைந்து வையுங்கள், முன்பக்கத்தைவிட அதில்தான் விஷயம் அதிகம்.

இக்கத், சுங்குடி, கலம்காரியையும் இப்படி வரையலாமா?

இக்கத் வரையலாம், அதில் நூலுக்கே முன்கூட்டிச் சாயம் ஏற்றி நெய்வதால் உருவத்தின் ஓரம் இழைக்கு இழை கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து கலங்கித் தெரியும். ஈரத்தில் பரவவிட்டு அந்தக் கலங்கலைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள், அது தப்பான வழி. ஒவ்வோர் இழையும் கூர்மையாகத்தான் இருக்கிறது, நீளம்தான் வேறு வேறு. சுங்குடியும் காளஹஸ்திக் கலம்காரியும் நெய்து முடித்த துணிமேல் சாயமாகவும் எழுத்தாகவும் வருகிறவை, தறிக்கும் அந்த உருவத்துக்கும் சம்பந்தமில்லை. அது வேறு படிப்பு.

துணியில் இருக்கிற பிசகையும் வரைய வேண்டுமா?

வரையுங்கள். அறுந்து முடிச்சுப் போட்ட பாவு, இரட்டையாக ஓடிவிட்ட ஊடை, நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற குச்சியின் ஊசி பட்டு ஓரத்தில் விழுந்த சின்ன ஓட்டைகள், எல்லாவற்றையும். "சுத்தப்படுத்தி" வரைந்தால் அது கடைக் கேட்டலாக். பழைய துணியில் மடிப்பில் இற்றுப்போன இடமும் அப்படித்தான், அங்கே ஊடை போய்ப் பாவு மட்டும் நின்றால் கட்டுமானம் தானாகவே வெளியே தெரிகிறது, நமக்கு அது அதிர்ஷ்டம்.

நெசவாளர் வீட்டுக்குப் போய் வரைய அனுமதிப்பார்களா?

பெரும்பாலும் விடுவார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால். ஓணத்துக்கு முந்தைய மாதங்களில் குத்தாம்புள்ளிப் பக்கம் போய் நிற்காதீர்கள், அவர்களுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது. மற்ற நாட்களில் போங்கள், சேச்சி, சேட்டா என்றோ அக்கா, அண்ணா என்றோ கூப்பிட்டுப் பேசுங்கள். தறியில் ஓடுகிற பாவைத் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்டால் கறை. ஒரு துணியாவது காசு கொடுத்து வாங்குங்கள், வரைவதற்கு எப்படியும் ஒன்று வேண்டும்தானே.

புது டிசைனை வரைந்து உடனே ஊருக்கெல்லாம் காட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சீசனுக்கு முன்னால் ஒரு கரை வெளியே தெரிந்தால் விசைத்தறியில் அதே கரை மலிவாக வந்து இறங்கிவிடும், அப்புறம் கைத்தறிக்காரர் பாடு திண்டாட்டம். புவிசார் குறியீடு இருக்கிறதே என்பார்கள். பாலராமபுரத்துக்கு, குத்தாம்புள்ளிக்கு, நெகமத்துக்கு எல்லாம் இருக்கிறது, ஆனால் அது ஊர்ப் பெயரைத்தான் காக்கும், தனித்தனிக் கரை டிசைனைக் காக்காது. டிசைனுக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் தனியாகப் பதிய வேண்டும், 10 ஆண்டு, நீட்டித்தால் மொத்தம் 15. தறிக்காரர் எத்தனை பேர் போய்ப் பதிவார்கள்? அதனால் புதுசை நெய்தவர் சரி என்று சொல்லும்வரை படத்தைப் பீரோவில் வைத்திருங்கள். பழைய, எல்லாருக்கும் பொதுவான கட்டத்துக்கும் ருத்ராட்ச வடிவத்துக்கும் இந்தத் தயக்கம் தேவையில்லை.

கம்ப்யூட்டரிலேயே செய்துவிட முடியாதா?

முடியும், தறிக்கு அனுப்புகிற வடிவமெல்லாம் இப்போது பெரும்பாலும் அதில்தான். நெய்வதற்குப் போடுவதானால் அதுதான் சரி. நெய்ததைப் புரிந்துகொள்ள வரைவதானால் கையால் போடுங்கள், காப்பி பேஸ்ட் பண்ணினால் இரண்டாவது புட்டாவைப் பார்க்கவே மாட்டீர்கள்.

வரைந்த படங்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?

நம் பக்கத்து மழையில் தாளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். சுவரில் ஒட்டினாற்போலச் சட்டம் மாட்டாதீர்கள், பின்னால் காற்றுப் போகட்டும். பெட்டியில் வைத்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழை முடிந்ததும் எடுத்து நிழலில் விரியுங்கள். வாடாமல்லிக்கு ஆசைப்பட்டு வாங்குகிற பளீர் ரோஸ் டியூப்கள் பலவும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகிறவை, டியூபில் வெளிச்சம் தாங்கும் தன்மையைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

விற்க முடியுமா?

முடியும், ஆனால் கூலிக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. ஒரு அங்குலச் சதுரமே நாள் கணக்கில் இழுக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் வீட்டுச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்து அதையே வரையச் சொல்கிறவர்கள்: பாட்டியின் கூறைப்புடவை, அம்மாவின் முதல் சம்பளச் சேலை. அப்படி ஒன்று வந்தால் முன்பணம் வாங்குங்கள், துணி எந்த நிலையில் வந்தது என்று அவர்கள் எதிரிலேயே போட்டோ எடுத்து வையுங்கள், குண்டூசி குத்தலாமா என்று கேட்டுவிட்டுக் குத்துங்கள். படத்தின் பின்னால் ஊர், அச்சு நம்பர், பாவு ஊடைக் கணக்கு, நெய்தவர் யாரென்று தெரிந்தால் அவர் சம்மதத்தோடு பேர், இவ்வளவையும் பென்சிலில் எழுதிக் கொடுங்கள், பேனாவில் எழுதினால் மை முன்பக்கம் இறங்கும்.